ஏலக்கூடம் மேலே போன வருஷம்

காரைமுனையில் மீன் கரை இறங்கும்வரை ஆண்களுடையது, இறங்கிய பிறகு பெண்களுடையது. படகில் பெண் கால் படக் கூடாது, ஏலக்கூடத்தில் விலை கூவ ஆண் குரல் எழக் கூடாது. இந்த ஏற்பாட்டை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க நேரமும் இருந்ததில்லை, ஏனென்றால் வெளுக்கும்போதே படகுகள் வந்து நின்றன, கூடைகள் நிறைந்தன, தையல்நாயகி ஈரத் தரையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்று "ஒரு தரம்!" என்று குரல் கொடுத்தாள்.

அதை இனிமையான குரல் என்று சொன்னால் அவளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அது அடிவயிற்றில் கிளம்பி, நெஞ்சில் கொஞ்சம் நின்று சூடேறி, வாய்வழியே வெளியே வரும்போது வீச்சுவலை மாதிரி விரிந்து கூடம் முழுக்க விழும். அதில் அகப்பட்ட வியாபாரிகள், கும்பகோணத்துக்காரரானாலும் மன்னார்குடிக்காரரானாலும், கேட்க நினைத்த விலைக்குக் கொஞ்சம் மேலேயே கேட்டுவிட்டு, ஊர் திரும்புகிற வழியில் ஏன் அப்படிக் கேட்டோம் என்று யோசிப்பார்கள். மறுநாளும் வருவார்கள்.

ஆனி மாதத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரிய தலை, அகன்ற தோள், அப்பன் மாசிலாமணியைப் போலவே எதற்கும் அவசரப்படாத சுபாவம். வலி வந்தும் வெளியே வராமல் உள்ளேயே யோசித்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். மாமியார் காத்தாயி குறையொன்றும் வைக்கவில்லை. வேட்டித் துணியால் மருமகளின் வயிற்றை இறுக்கிக் கட்டினாள், பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்துபோட்டாள், பூண்டை வதக்கி வதக்கி வீட்டு ஓட்டில் உட்கார்ந்த காக்கையெல்லாம் பூண்டு மணக்கும்படி செய்தாள். குழந்தை தேறியது, பால் பொங்கியது, தையல் எழுந்து நடந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஏலத்துக்குத் திரும்பிப் போன அன்றுதான் சரியில்லை என்று தெரிந்தது.

அன்று வஞ்சிரம் குவிந்து கிடந்தது. வியாபாரிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். தையல் மூச்சை இழுத்து "ஒரு தரம்!" என்று கூவியபோது, அடிவயிற்றுக்கும் கீழே ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது, தொடை வழியாகச் சூடாக இறங்கியது. ஏலக்கூடத்துத் தரை எப்போதும் ஈரம், மீன் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்த ஈரம், அதனால் யாரும் கவனிக்கவில்லை. அவள் மட்டும் கவனித்தாள். "ரெண்டு தரம்" என்பதைப் பாதிக் குரலில் சொன்னாள், "மூணு தரம்" அவளுக்கே கேட்கவில்லை. கூடையை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்கணும் என்று சொல்லி வீட்டுக்கு நடந்தாள். அன்றிலிருந்து இருமல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தால் விழுங்கிக்கொண்டாள். மாசிலாமணி ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் தன் மேல்தான் ஏதோ வருத்தம் என்று நினைத்து, அந்த வருத்தத்தைத் தீர்க்க இன்னும் அதிகமாக வேடிக்கை பேசினான்.

ஏலம் நிற்க முடியாதே. பஞ்சாயத்துத் தலைவர் குஞ்சிதபாதம் தன் மச்சான் வைரக்கண்ணுவைக் கூப்பிட்டு, கல்யாண வீட்டு மைக் ஒன்றைக் கையில் கொடுத்து, "தையலு உடம்பு தேர்ற வரைக்கும் நீ பாத்துக்க" என்றார். வைரக்கண்ணுவின் குரலை மைக் பெரிதாக்கியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. வியாபாரிகள் கேட்க நினைத்த விலையைவிடக் கொஞ்சம் கீழேயே கேட்டார்கள். கூடை சுமந்த பெண்கள் முணுமுணுத்தார்கள். தையலிடம் கேட்டால், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் நாகூரிலிருந்து பானு வந்தாள். பிசியோதெரபி படித்தவள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை, ஸ்கூட்டரில் வருவாள். கறுப்பு அங்கிக்குள் காற்று புகுந்து உப்பிக்கொண்டு வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு சின்னப் பாய்மரப் படகு ரோட்டில் வருகிற மாதிரி இருக்கும். பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாள். ஏலம் முடிந்து கழுவிவிட்ட பிறகு கூடம் சும்மாதான் கிடக்கும் என்பதால் அங்கேயே பாய் விரிக்கச் சொன்னாள். காத்தாயி, "பச்ச உடம்புக்காரி குதிக்கிறதாவது" என்றாள். "குதிக்கலயாம் அத்தே, படுத்துக்கிட்டுத்தானாம்" என்று சொல்லிவிட்டுத் தையல் குழந்தையோடு போனாள். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னாளில் அவளிடம் கேட்டவர்கள் உண்டு.

பாயில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து பானு எடுத்த எடுப்பில் கேட்டாள். "இருமுனா, தும்முனா, சிரிச்சா, பாரம் தூக்குனா சொட்டுதா? யாருக்கெல்லாம்?"

எல்லாரும் தூண்களைப் பார்த்தார்கள்.

"எனக்குச் சொட்டும்" என்றாள் பானு. "என் மவன் பொறந்து கொஞ்ச நாள்தான் ஆவுது, தர்கா கந்தூரிக் கூட்டத்துல நிக்கிறேன், சாம்பிராணிப் பொக. ஒரு தும்மல். அவ்வளவுதான். சந்தனக்கூட்டு ஊர்வலம் பாக்காம வீட்டுக்கு ஓடுனேன்."

கோமளா என்று ஒருத்தி, இரட்டைப் பிள்ளை பெற்றவள், சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு இரண்டு தொடையையும் இறுக்கிக்கொண்டு, "ஐயோ, எனக்கு இப்பவே" என்றாள். அதற்கப்புறம் கூடத்தில் ஒருத்தி பாக்கியில்லாமல் பேசினாள். வயிறு நடுவில் பிளந்த மாதிரி இருக்கிறது என்று ஒருத்தி, கருப்பை இறங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்று இன்னொருத்தி, புருஷன் பக்கத்தில் வந்தாலே உடம்பு விறைக்கிறது என்று மெதுவாக மற்றொருத்தி. கடைசியாகத் தையல் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்குக் கத்துனா" என்றாள்.

பானு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இது சீக்கு இல்லக்கா. அடியில தாங்கிப் பிடிக்கிற சதை ஒண்ணு இருக்கு, தொட்டில் மாதிரி. பிள்ளை வந்த வழியில அது தளந்துபோச்சு. கால் ஒடிஞ்சா நடக்கப் பழகுறோம்ல, அது மாதிரி இதையும் பழக்கணும். படுங்க. முட்டிய மடக்குங்க. மூச்ச வெளிய விட்டுக்கிட்டே, ஒண்ணுக்கு வர்றத நிறுத்துற மாதிரி உள்ள இழுங்க. கிணத்துலேருந்து வாளி இழுக்குற மாதிரி, கீழேருந்து மேல, மேல, மேல. பிடிங்க. இப்ப மெதுவா விடுங்க. பொத்துனு போடக் கூடாது. வெச்ச எடத்துல வெக்கணும்."

அவர்கள் இழுத்தார்கள், பிடித்தார்கள், விட்டார்கள். முதல் சில வாரங்கள் எதை இழுக்கிறோம் என்றே யாருக்கும் தெரியவில்லை. புருவத்தை இழுத்தாள் ஒருத்தி, பல்லைக் கடித்தாள் ஒருத்தி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, இருட்டு அறையில் சாமானைத் தடவிக் கண்டுபிடிக்கிற மாதிரி, ஒவ்வொருத்தியும் தன் உடம்புக்குள் அந்தத் தொட்டிலைக் கண்டுபிடித்தாள். எல்லாரும் கண்டுபிடித்து முடித்த அன்று, ஆவணிக் கடைசியில், பானு "மேல, மேல" என்று சொல்லச் சொல்ல அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுத்தபோது, காரைமுனை ஏலக்கூடம் தூண்களோடும் கூரையோடும் சிமெண்டுத் தரையோடும் பூமியை விட்டு ஒரு முழம் எழும்பியது.

"கடல் தெரியுது" என்றாள் கோமளா.

உண்மைதான். அலைக்குத் தடுப்பாகக் கருங்கல் அடுக்கிய நாளிலிருந்து கூடத்திலிருந்து பார்த்தால் கல் மட்டும்தான் தெரியும். இப்போது கல்லுக்கு மேலே ஒரு விரற்கடை நீலம் தெரிந்தது. "பேசாதீங்க, பிடிங்க" என்றாள் பானு. பிடித்தார்கள். பிறகு மெதுவாக விட்டார்கள், கூடம் மெதுவாக இறங்கி இருந்த இடத்திலேயே உட்கார்ந்தது. அடியில் நிழல் கண்டு ஓடிவந்திருந்த நண்டுகள் பக்கவாட்டில் ஓடி வெளியேறின. "நல்லாப் பண்ணுனீங்க" என்றாள் பானு. "வீட்லயும் பண்ணணும்."

ஊர் இதைப் பழகிக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. கரண்டு ஆபீஸ் லைன்மேன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கம்பியை நாலு சுற்று அதிகமாக விட்டுக் கட்டிக்கொடுத்து, இதற்கு மேலே போவதானால் முன்கூட்டியே சொல்லச் சொன்னார். வகுப்பு நேரம் பார்த்து ஆடுகள் அடியில் வந்து படுத்தன. வெளியூர் வியாபாரி யாராவது நேரம் கெட்ட நேரத்தில் வந்து "ஏலக்கூடம் எங்கங்க?" என்று கேட்டால், டீக்கடைக்காரர், "மேல போயிருக்கு, இப்ப வந்துடும், உக்காந்து டீ குடிங்க" என்பார். பொதுப்பணித் துறை இன்ஜினியர் ஒருவர் ஜீப்பில் வந்து, குனிந்து அடியில் பார்த்து, தூணைத் தட்டிப் பார்த்து, ஓர் இளநீரைக் குடித்துவிட்டு, "கட்டடத்துக்கு ஒண்ணும் ஆகல. முன்னாடி கெழக்க சாஞ்சிருந்தது, இப்ப நேரா உக்காந்திருக்கு" என்று சொல்லிப் போனார்.

பஞ்சாயத்து கூடியது. எப்படி எழும்புகிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. மீன் இருக்கும்போது தூக்கலாமா, அமாவாசையன்று தூக்கலாமா, உள்ளே ஆம்பிளை யாராவது மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்றுதான் விடியற்காலையில் ஆரம்பித்த பேச்சு வெயில் ஏறும்வரை போயிற்று. கடைசியில் தூக்குவதற்கு முன்னால் ஒரு மணி அடித்துவிடவேண்டும் என்று முடிவானது.

புருஷன்மார்களுக்கு வேறு பிரச்சினை. கூடம் எழும்பும்போது எந்த மூலை முந்துகிறது, எந்த மூலை தொங்குகிறது என்று டீக்கடையில் உட்கார்ந்தால் தெளிவாகத் தெரியும். "வடக்கு மூல தொங்குதே, யாரு வூட்டம்மா அங்க?" என்று கேட்டால் அந்த வீட்டுக்காரன் தலையைக் குனிந்துகொள்வான். மறுநாள் அவனே கைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நீ போய் பாய விரிச்சுப் படு, சோறு நான் வடிக்கிறேன்" என்பான். வயிற்றுத் துணியை அவிழ்க்க விடாத மாமியார்கள்கூட, "எங்க மருமவ மூல எப்பவும் மட்டமா இருக்கும்" என்று தண்ணீர்க் குழாயடியில் பெருமை பேசினார்கள். மாசிலாமணியோ, தையல் படுத்திருந்த தெற்கு மூலை மற்ற மூலைகளுக்கு முன்னால் எழும்பி மற்ற மூலைகளுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்து, டீயை ஆறவிட்டுக் குடித்தான்.

காத்தாயி மட்டும் சமாதானமாகவில்லை. ஒருநாள் மருமகளைக் கையோடு இழுத்து வரலாம் என்று கிளம்பி வந்தவள், மணி அடித்துக் கூடம் மேலே போய்விட்டதால், ஆடுகளுக்கு நடுவே நின்று அண்ணாந்து கத்தினாள். "ஏ தையலு! எறங்கு கீழ! உடம்பு என்னத்துக்கு ஆவும்!" மேலிருந்து பதில் வரவில்லை, எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். கூடம் இறங்கியபோது பெண்கள் வேர்த்த முகத்தோடு, கலைந்த தலையோடு, தண்ணீர் குடித்துவிட்டு வந்த கன்றுக்குட்டிகள் மாதிரி பளபளவென்று எழுந்து உட்கார்ந்தார்கள். தையல் எதற்கோ தும்மினாள். தும்மிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். சுவரையோ தூணையோ பிடிக்கவில்லை. காத்தாயி அதைப் பார்த்தாள். வந்த காரியத்தைச் சொல்லாமல் திரும்பிப் போனாள்.

அன்று சாயங்காலம் மீனுக்குச் செதில் உரசிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அந்த நாகூர்ப் பொண்ணு வயசானவளுக்கும் சொல்லிக் குடுக்குமா?"

தையல் அரிவாள்மனையை நகர்த்தி வைத்தாள். "எத்தினி நாளா அத்தே?"

"மாசிலாமணி பொறந்ததுலேருந்து."

"முப்பது வருஷமாவா?"

"எல்லாருக்கும் இப்பிடித்தான்னு நெனச்சேன்" என்றாள் காத்தாயி. "எல்லாருக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. ஒருத்தியும் சொல்லல." செதில் ஒன்று அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தையல் அதை எடுத்துவிட்டாள். மறுநாள் பாயை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தவள் காத்தாயிதான். அவளுக்குப் பின்னால், அதுவரை சந்தையில் கூட்டத்துக்கு நடுவே நிற்கப் பயந்த பெண்கள், பஸ்ஸில் தூரம் போகப் பயந்த பெண்கள், பேரன் பேத்தி எடுத்த பெண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து பாய் விரித்தார்கள். அந்த வாரம் கூடம் தென்னங்குலை உயரத்துக்குப் போனது. லைன்மேன் இன்னும் கொஞ்சம் கம்பி கொண்டுவந்தார்.

தையலின் உடம்பு இவ்வாறு தேறியது. குரல் தேறவில்லை. சொட்டுவது நின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்து கூவலாம் என்று நினைத்தாலே அந்த வஞ்சிரக் குவியலும் தொடையில் இறங்கிய சூடும் ஞாபகம் வந்துவிடும், வாயை மூடிக்கொள்வாள். தீபாவளி நெருங்கும்போது குஞ்சிதபாதம் கூடத்துக்கு வந்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, அவளிடம் தன்மையாகத்தான் சொன்னார். "நீ புள்ளையப் பாத்துக்கம்மா. மைக்கு நல்லாத்தான் இருக்கு. வர்ற பஞ்சாயத்துல ஏலத்த வைரக்கண்ணு பேருக்கே எழுதிடலாம்னு இருக்கோம்." அவளுக்குள் ஒரு கத்தல் எழும்பியது, நெஞ்சு வரைக்கும் வந்தது, சூடேறியது. "சரிங்க தலைவரே" என்று அவள் வாய் சொன்னது. அவர் போன பிறகு தூணில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஐப்பசியில் கடல் புரண்டது. கோடை முழுக்க ஆற்று முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து சேர்ந்து திட்டாகியிருந்தது. தூர் வாரச் சொல்லி ஊர் கேட்டுக்கொண்டே இருந்தது, யாரும் வாரவில்லை. ஒருநாள் காலையில் ஆழ்கடலிலிருந்து திரும்பிய லாஞ்சு என்கிற விசைப்படகு ஒன்றை, முகத்துவாரத்தில் நுழையும்போது அலை தூக்கி அந்தத் திட்டின் மேல் உட்காரவைத்துவிட்டது. உட்கார்ந்தது அசையவில்லை. அலை பக்கவாட்டில் அடிக்க அடிக்க அது ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்த வேகத்தில் வலை இழுக்கும் விஞ்சு பெயர்ந்து, லாஞ்சை ஓட்டும் ஸ்ராங்கு நாகமுத்துவின் காலின் மேல் விழுந்தது. மற்றவர்கள் நீந்தி வந்துவிடலாம், நாகமுத்து வர முடியாது. அவரை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று அங்கேயே நின்றவர்களில் மாசிலாமணியும் ஒருவன்.

ஊரே முகத்துவாரத்துக்கு ஓடியது. ஃபைபர் படகுகள் கயிறு கட்டி இழுத்தன. கயிறு அறுந்தது. தடித்த கயிறு கட்டி இழுத்தன. லாஞ்சின் முன்பக்கத்துக் கட்டையே பிய்ந்து வந்தது. ஒவ்வொரு அலைக்கும் பலகை முனகுகிற சத்தம் கரைக்குக் கேட்டது. தீயணைப்பு வண்டி வருகிறது என்றார்கள், வந்து என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியவில்லை.

தையல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குஞ்சிதபாதத்திடம் போனாள்.

"தலைவரே, எங்கள அதுல கொண்டுபோய் ஏத்துங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. சுற்றி நின்ற எல்லாருக்குமே புரிந்துவிட்டது, ஏனென்றால் எல்லாருமே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "பொம்பளைங்க படகுல ஏறுறது நம்மூர் வழக்கம் இல்லம்மா" என்றார் அவர்.

"கூடத்துல ஆம்பள ஏலம் கூறுறதும் வழக்கம் இல்ல" என்றாள் தையல்.

காத்தாயி குறுக்கே வந்து பேத்தியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். "என் புள்ள அதுல நிக்கிறான். வழக்கத்த நான் பாத்துக்கிறேன். நீ போ." பிறகு மற்ற மருமகள்களைப் பார்த்து, "புள்ளைங்கள எங்ககிட்ட குடுத்துட்டு எல்லாரும் போங்கடி" என்றாள். கரையில் நின்ற கிழவிகளும் கிழவர்களும் கை நீட்டினார்கள். குஞ்சிதபாதம் தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொண்டபடியே, "ஃபைபர தள்ளுங்கடா" என்றார்.

அங்கியை முட்டிவரை சுருட்டிக் கட்டிக்கொண்டு பானுவும் ஏறினாள். காற்றுக்கு ஒதுங்கிய பக்கமாகப் போய், லாஞ்சில் தொங்கிய டயர்களைப் பிடித்து ஒருத்தி பின் ஒருத்தியாக மேலே ஏறினார்கள். மாசிலாமணி மேலிருந்து கை கொடுத்தான். தையலைப் பார்த்ததும் அவனுக்கு வேடிக்கையாக ஒன்றும் சொல்ல வரவில்லை. "வந்துட்டியா" என்று மட்டும் சொன்னான். நாகமுத்து கண்ணை மூடி முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். தளம் சாய்ந்து, மீன் எண்ணெயும் டீசலும் வழிந்து வழுக்கியது. பெண்கள் சாய்ந்த பக்கத்து விளிம்பில் பாதத்தை முட்டுக்கொடுத்து, முட்டியை மடக்கிப் படுத்தார்கள். பானு வாயைத் திறந்து "மூச்ச..." என்றாள். அதற்குள் லாஞ்சு ஒரு குலுக்குக் குலுக்கியது, அவள் விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தாள், திரும்பவும் எடுத்தாள். "என்னால முடியாதுக்கா" என்று கையால் காட்டினாள். "நீங்க சொல்லுங்க."

அலை அடிக்கிற இரைச்சலில் பக்கத்தில் படுத்திருப்பவள் பேசுவதே கேட்கவில்லை. எல்லாரும் ஒன்றாக இழுத்தால்தான் எழும்பும், ஒன்றாக இழுக்க எல்லாருக்கும் கேட்கிற குரல் வேண்டும். தையல் மல்லாந்து படுத்து, சாய்ந்த வானத்தைப் பார்த்தாள். கத்தினால் அவிழும் என்ற பயம் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது. மூச்சை வெளியே விட்டுக்கொண்டே இழு என்று பானு சொல்லிச் சொல்லி உடம்பில் ஏற்றியிருந்தாள். கத்துவதும் மூச்சை வெளியே விடுவதுதானே என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. இத்தனை மாதமும் தனித்தனி என்று நினைத்திருந்த இரண்டும் ஒன்றே என்று தோன்றியது. அடியில் தொட்டிலைப் பிடித்து மேலே இழுத்தாள், இழுத்த இழுப்பிலேயே குரல் கிளம்பியது.

"ஒரு தரம்!"

பெண்கள் இழுத்தார்கள். லாஞ்சு நடுங்கியது. அடியில் மணல் சப்தம் போட்டு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டு தரம்!"

இந்த முறை குரல் அலையைத் தாண்டிக் கரைக்குப் போனது. அங்கே கைப்பிள்ளைகளோடு நின்ற காத்தாயியும் மற்ற மாமியார்களும், யாரும் சொல்லாமலேயே, நின்ற இடத்தில் நின்றபடி உள்ளே இழுத்தார்கள். லாஞ்சின் சாய்ந்திருந்த கொடிக் கம்பு மெதுவாக நிமிர்ந்தது. தையல் எதையும் இறுக்கிப் பிடிக்கவில்லை, எதற்கும் பயப்படவில்லை. அடியிலிருந்து உச்சிவரை தான் ஒரே கயிறாக இருப்பதாக அவளுக்குப் பட்டது.

"மூணு தரம்!"

மணல் விட்டது. லாஞ்சு தண்ணீர் சொட்டச் சொட்ட, அடியில் ஒட்டிய சிப்பியும் பாசியும் வெயிலில் மின்ன, அலைக்கு மேலே எழும்பி, முகத்துவாரத்துக்கு மேலே எழும்பி, கரையில் நின்றவர்கள் கழுத்தை முழுசாக மடக்கிப் பார்க்கும் உயரத்துக்குப் போய் நின்றது. ஃபைபர் படகுக்காரர்கள் தொங்கிய கயிற்றைப் பிடித்து, தேர் இழுக்கிற மாதிரி, பட்டம் இழுக்கிற மாதிரி, ஆற்றுக்குள் இழுத்துப் போனார்கள். சாய்வு நிமிர்ந்ததும் விஞ்சு தானாக உருண்டு விலகியது. மாசிலாமணி நாகமுத்துவின் காலை மடியில் எடுத்து வைத்துத் துண்டால் கட்டினான். "மேல இருக்கோமா கீழ இருக்கோமா?" என்று கேட்டார் நாகமுத்து. "மேலதான் அண்ணே" என்றான் அவன்.

ஆழமான இடம் வந்ததும் கீழே விட்டிருக்கலாம். கீழே நின்றவர்கள் விடுங்க, விடுங்க என்று கையைக் காட்டினார்கள். ஆனால் கோமளா தலையைத் தூக்கி விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றாள். ஒருவரும் மறுக்கவில்லை. கரையில் பிறந்து, கரையில் மீன் விற்று, கடலைக் கல்லுக்கு மேலே ஒரு விரற்கடையாகப் பார்த்த பெண்கள், அன்று அதை முழுசாகப் பார்த்தார்கள். அது அவர்கள் நினைத்ததைவிட வளைவாக இருந்தது. நாகூர் மினாராக்கள் தெரிந்தன. உப்பளங்கள் தெரிந்தன. அவரவர் வீட்டு ஓடும் கொடியில் காயும் துணியும் தெரிந்தன. முகம் வெளிறியிருந்த பானுகூட, "பாத்து முடிச்சிட்டு விடலாம்" என்றாள். கயிற்றைப் பிடித்தவர்கள் ஒன்றும் செய்ய முடியாமல் படகை விட்டிறங்கி, ஆற்றோரமாகவும் பிறகு தெருவழியாகவும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போய்த் திரும்ப ஆற்றுக்கு மேலே வந்தது லாஞ்சு.

கீழே முதலில் ஒரு பிள்ளை பசித்து அழுதது. அது அழுததைக் கேட்டு மற்றவை அழுதன. மேலே எல்லாருக்கும் ஒரே சமயத்தில் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. சிரித்துக்கொண்டே, வைத்த இடத்தில் வைக்கிற மாதிரி, மெதுவாக விட்டார்கள். லாஞ்சு ஆற்றில் இறங்கி, இரண்டு தடவை ஆடி, நின்றது.

நாகமுத்துவை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கால் பிழைத்தது. பெண்கள் இறங்கவில்லை, இறங்குகிற பொறுமை யாருக்கும் இல்லை, பிள்ளைகளை இங்கேயே கொண்டுவாங்க என்றார்கள். ஆகவே ஊர் ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று, காத்தாயியின் கையிலிருந்து வாங்கி, மீன் கூடை கைமாற்றுகிற மாதிரி ஒவ்வொரு பிள்ளையாகக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். அந்த வரிசையில் கடைசி ஆளாக, லாஞ்சை ஒட்டி நின்று விளிம்புக்குத் தூக்கிக் கொடுத்தவர் குஞ்சிதபாதம். பெண்கள் வலையின் மேல் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தார்கள்.

குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது தையலுக்கு லாஞ்சின் அடித்தட்டில் ஐஸில் கிடக்கிற மீன் ஞாபகம் வந்தது. ஐஸ் கரைந்துகொண்டிருந்தது, கூடத்துக்குக் கொண்டுபோக நேரமில்லை. வியாபாரிகள் எல்லாரும் கரையில்தான் நின்றார்கள். வைரக்கண்ணு மைக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தான், அவளைப் பார்த்தான், மைக்கின் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு லாஞ்சின் முன்முனையில் ஏறி நின்றாள். மாசிலாமணி ஒரு பெரிய கொடுவா மீனை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினான். தையல் விலையைக் கூவினாள்.

அது கரையில் நின்றவர்கள் மேல் விழுந்தது, அவர்களைத் தாண்டி டீக்கடை மேல் விழுந்தது, அதையும் தாண்டிப் போனது. ஆற்றுக்கு அக்கரையில், வேறு பஞ்சாயத்து, வேறு சந்தை, காரைமுனையோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஊரில், வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர், எதற்கென்று தெரியாமலேயே, அங்கிருந்தே கையைத் தூக்கி, அவள் சொன்ன விலைக்கு மேலே ஒரு படி கேட்டார்.